மெரிட் ஊற்றுக்கு இரண்டு மைல்

"போர்டு வச்சிருந்தேனே... கண்ணுக்குத் தெரியலையா?"

மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ரமோனா வீஹீல் கார்க் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இறக்கினாள். அரை மணி நேரமாக அந்தக் கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. யூட்டா பாலைவனத்தின் சாம்பல் களிமண் நான்கு சக்கரங்களையும் கவ்விப் பிடித்திருந்தது. கோபத்தை யார் மேல் காட்டலாம் என்று அவள் காத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவன் வந்து சேர்ந்தான்.

"எந்த போர்டு?"

"ரோடு ஈரம், உள்ள போகாதீங்கன்னு ஆளுயரத்துக்கு ஒரு போர்டு."

"அது குப்புறக் கெடந்துச்சு சார். நான் எறங்கி, மண்டி போட்டு, அதுக்கு அடியில தலைய விட்டுப் படிக்கணுமா?"

அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு."

"அப்படின்னா தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோங்க."

அடுத்து சொல்வதற்கென்று ரமோனா மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தாள். மூன்றும் வீணாகிப் போயின. கண்ணாடியை முழுதாக இறக்கினாள்.

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்...

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரமோனா கண்களைப் பார்த்து மயங்குகிற ரகம் இல்லை. எங்கள் மலையூரான சில்வர் ஃபோர்க்கில் இருக்கும் ஒரே கண் மருத்துவமனையில் அவள் பரிசோதனை உதவியாளர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இருபது ஜோடிக் கண்கள். நீலம், பழுப்பு, சிவந்தது, நீர் கோத்தது எல்லாம் பார்த்தவள். இந்தக் கண்கள் மழையில் நனைந்த காட்டுச் செடியின் நிறத்தில் இருந்தன. பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. இமை முடிகளில் சின்னச் சின்ன மழைத்துளிகள்... பார்த்தாள், அவ்வளவுதான். தேவைக்கு மேல் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

அவன் பெயர் கால்டர் நீல்சன். மாவட்ட நிர்வாகமான கவுண்டியில் மண் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டுகிறான். வண்டியை அரை மைல் தூரத்தில் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான்.

"அந்த வண்டிய எடுத்துட்டு வந்து இழுங்களேன்?"

"இந்தச் சேத்துல எறக்கினா அதுவும் உங்க கார் பக்கத்துல உக்காந்துடும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் இழுக்க இன்னொருத்தன் வரணும்."

"அப்ப என்ன பண்றது?"

"மழ நின்னு வெயில் வந்தா மூணு மணி நேரத்துல காஞ்சிடும். அதுவரைக்கும்..." அவன் மேலே வானத்தைப் பார்த்தான். "நனைஞ்சுட்டு நிக்க வேண்டியதுதான்."

"நான் கூப்பிடணும்னு எதிர்பாக்கறீங்களா? ஏறி உக்காருங்க."

மூன்று மணி நேரம் என்பது இரண்டு அறிமுகமில்லாதவர்களுக்கு மிக நீண்ட நேரம். பச்சை மிளகாய்க் கறி வைத்துச் சுருட்டிய புரிட்டோ இரண்டு அவளிடம் இருந்தன. ஒன்றை நீட்டினாள். முதல் கடியிலேயே அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"காரமா?"

"இல்லையே... நல்லாருக்கு."

"அழறீங்க."

"மழத் தண்ணி."

காப்பி ஊற்றினாள். வேண்டாம் என்றான். அவன் போகும் கிறிஸ்தவ சபையில் யாரும் காப்பி குடிப்பதில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து நசுங்கிய சாக்லேட் ஒன்று வந்தது. அதைச் சரிபாதியாக உடைக்க முயன்று, முடியாமல், பெரிய பாதியை அவளிடம் கொடுத்தான். மழை கூரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. தூரத்துச் செம்பாறைச் சுவர்கள் நனைந்து, இன்னும் சிவந்து நின்றன.

"மெரிட் ஊத்துக்கா கெளம்பினீங்க?" என்று கேட்டான்.

"இல்ல. லாங் ஹாலோ பாதைக்கு."

"நல்ல வேளை. உங்க மலைப்பக்கத்துப் பத்திரிகையில ஒரு ஆளு வார இறுதிப் பயணம்னு எழுதறான் பாருங்க... ஆர்.வி.ன்னு கையெழுத்து போட்டு. அதப் படிச்சுட்டு வர்றவங்கள இழுத்து வெளிய போடறதே எனக்குப் பாதி வேலை."

ரமோனா காப்பியைக் கீழே வைத்தாள். ரமோனா வீஹீல். ஆர்.வி.

"நீங்க அந்த ஊர்தானே? அந்த ஆளத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்..." என்றாள். தினமும் காலையில், பல் தேய்க்கும்போது.

"கெழவனா இருப்பான். வீடு மாதிரி பெருசா இருக்கற ஆர்.வி. வண்டிய விட்டுக் கீழயே எறங்காம, ஜன்னல் வழியாப் பாத்து எழுதற ஆளு. அதான் அந்தப் பேரு."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குரல் மாறிவிட்டது.

"'மெரிட் ஊற்றுக்கு இரண்டு மைல், வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு'ன்னு எழுதினான். ரெண்டு மைல் இல்ல, மூணரை. ஊத்து வத்திப்போய் ரெண்டு கோடை ஆச்சு. ஜூன் மாசம் டென்வர்லேந்து ஒரு புருஷன் பொண்டாட்டி அத நம்பி ஒரே ஒரு பாட்டிலோட வந்துட்டாங்க. எங்கப்பாதான் பாத்தாரு. குதிரையில தண்ணி எடுத்துட்டுப் போயிருக்காரு. அவங்க பொழைச்சாங்க. திரும்பி வர்றப்ப அப்பா கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சு. எழுபத்தோரு வயசு. இனிமே குதிர ஏற முடியாது. செப்டம்பர்ல மாடெல்லாம் வித்தாச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பத்திரிகைக்கு மூணு வரி எழுதிப் போட்டேன். பதிலே இல்ல."

அந்த மூன்று வரி ரமோனாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 'தண்ணீர் இல்லை, தூரமும் தவறு, திருத்தி வெளியிடுங்கள்.' எழுதியவர் பெயரைக்கூட அவள் பார்க்கவில்லை. போதுமான தண்ணீர் எடுத்துக்கொண்டு போகாதவன் முட்டாள், அதற்கு நானா பொறுப்பு என்று நினைத்து உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தாள். அந்த ஊற்றை அவள் பார்த்தது நான்கு வருடத்துக்கு முன், பனி உருகி ஓடும் ஏப்ரல் மாதத்தில். கட்டுரை எழுதும்போது போய்ப் பார்க்கச் சோம்பல். நினைவிலிருந்து எழுதினாள்.

அதைச் சொல்லாமல், காப்பிக் குடுவையின் மூடியைத் திருகி மூடினாள்.

வெயில் வந்தது. களிமண் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. அவன் சக்கரங்களுக்கு அடியில் மண்வெட்டியால் தோண்டி, கல் கொடுத்து, பின்னாலிருந்து தள்ளினான். கார் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே வந்தது. அவன் முகம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே கண்கள் மட்டும் சிரித்தன.

"அடுத்த சனிக்கிழமை வர்றீங்களா? லாங் ஹாலோவ நானே காட்டறேன்..."

வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் இருந்தன.

"வர்றேன்" என்றாள்.

*

வந்தாள். மூன்று மணி நேரம் ஓட்டி, மலையிலிருந்து இறங்கி வந்தாள். லாங் ஹாலோவின் பாறை இடுக்கு ஓரிடத்தில் இரண்டு தோள்களும் சுவரில் உரசும் அளவு குறுகும். அங்கே அவன் முன்னால் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, "தொப்பை வர்றதுக்குள்ள ஒருதடவ பாத்துடணும்னு எங்க ஊர்ல சொல்வாங்க" என்றான். அவள் சிரித்தது மேலே நூறு அடி வரை போய்த் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவன் நகரவே இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் மலைக்கு வந்தான். கணவாய்க்கு மேல் தடுப்புச் சுவர் இல்லாத அந்த வளைவுச் சாலையில் அவள்தான் ஓட்டினாள். ஆயிரக்கணக்கான மைல் சாலை பார்த்தவன், இருக்கையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டான்.

"ரோட்டுக்காரருக்கு ரோட்டப் பாத்தா பயமா?"

"ரோட்டப் பாத்து இல்ல. ரோடு முடியற எடத்தப் பாத்து. இந்தப் பக்கம் கீழ ஒண்ணுமே இல்லையேங்க!"

"கண்ணத் தொறங்க. பனி விழுது, பாருங்க."

"நீங்க முன்னாடி பாருங்க மொதல்ல!"

அன்று வெந்நீர் ஊற்றுக் குளத்தில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தார்கள். ஆவி எழும்பியது. பனித்துகள்கள் அவன் தலைமுடியில் விழுந்து, நின்று, கரைந்தன. அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். அவளும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். அவன் சொல்ல வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்ல வந்தது அவனுக்குத் தெரியாது...

வீட்டுக்குப் போய் அழுதாள். இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை. கால்டரின் வீட்டில் மதியச் சாப்பாடு. பாதி வழியில், பெட்ரோல் நிலையத்தில் அவள் தன் காரை விட்டுவிட்டு அவனுடைய பிக்கப்பில் ஏறிக்கொண்டாள். ஐந்து மைல் போயிருக்கும்.

"அம்மா காலையிலேந்து ரொட்டி சுடறாங்க. அப்பா புதுச் சட்ட போட்டுட்டு ஜன்னல் கிட்ட உக்காந்தாச்சு. நான் யாரையும் இதுவரைக்கும் வீட்டுக்குக் கூட்டிட்டு..."

"கால்டர், வண்டிய நிறுத்துங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நிறுத்துங்க. ப்ளீஸ்."

நிறுத்தினான்.

"ஆர்.வி. நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை. புரிவதற்கு எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மூன்று நொடிகளைப் போல நீளமான நேரத்தை ரமோனா அதற்குமுன் பார்த்ததில்லை.

"ரமோனா வீஹீல். அந்த ஊத்தப் பத்தி எழுதினது நான். போய்ப் பாக்காம எழுதினேன். உங்க லெட்டரும் வந்துச்சு. படிச்சுட்டு உள்ள போட்டுட்டேன்."

அவன் கைகள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

"முதல் நாளே தெரியுமா? அன்னிக்கு நான் சொன்னப்பவே?"

"தெரியும்."

"எங்கப்பா சாப்பாட்டு மேசையில உக்காந்து அவர்கிட்ட ரொட்டி கேக்கற வரைக்கும் வந்துட்டீங்க."

"அதனாலதான் இப்ப..."

மேலே கேட்க அவன் தயாராக இல்லை. வண்டியைத் திருப்பினான். ஐந்து மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரோல் நிலையத்தில் அவள் கார் பக்கத்தில் நிறுத்தி, எதிரே பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். வண்டி போய்விட்டது.

*

எங்கள் பத்திரிகை ஆசிரியை ஹாரியட், ரமோனா கொண்டுவந்து வைத்த தாளை இரண்டு முறை படித்தாள்.

"இத்தன நீளமா மன்னிப்பா? ஒரு மூலையில ரெண்டு வரி திருத்தம் போட்டா போதாதாடீ?"

"போதாது."

"முழுப் பேரு வேற போடணுமா?"

"அதான் முக்கியம்."

வெளியானது. 'நான் போய்ப் பார்க்காமல் எழுதினேன். என் தவறால் இருவர் தண்ணீரில்லாமல் தவித்தார்கள், அவர்களைக் காப்பாற்றப் போன லவெல் நீல்சன் என்பவர் தம் உடல்நலத்தை இழந்தார். திருத்தச் சொல்லி வந்த கடிதத்தையும் மறைத்தேன்.' கீழே முழுப் பெயர். மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலர் அந்த வாரம் அவளிடம் பேசவில்லை. சிலர் அளவுக்கு அதிகமாகப் பேசினார்கள்.

அவள் நின்றுவிடவில்லை. இதுவரை எழுதிய நாற்பத்தோரு பாதைகளில் பனி மூடாத பாலைவனப் பாதைகள் பத்தொன்பது. டிசம்பர் முழுக்க, ஒவ்வொரு சனி ஞாயிறும், ஒவ்வொன்றையும் மறுபடி நடந்தாள். தவறு ஆறு இருந்தது. ஆறையும் எழுதினாள். கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ள முடியவில்லை... போனை எடுப்பாள். வைத்துவிடுவாள். என்ன சொல்வது?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கால்டர் பனி தள்ளும் வேலைக்குப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு, அவள் நீல்சன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

லவெல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்தார். நெடிய உருவம். மகனின் அதே கண்கள்.

"நான் ரமோனா வீஹீல்."

மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அந்த ஆர்.வி.யா? மீசை வச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"ஐயா, நான் மன்னிப்பு..."

"வாசல்ல நின்னு கேட்டா குளுரு உள்ள வரும். வா."

அவர் மனைவி ஜோலீன் சூடான ரொட்டியும் பீச் ஜாமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ரமோனா சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. லவெல் இடைமறிக்காமல் கேட்டார். கடைசியில் தடியின் பிடியைத் தடவிக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நீ எழுதினது தப்புதான். அந்த ரெண்டு பேரும் செத்திருப்பாங்க."

"ஆமாங்க."

"ஆனா நான் விழுந்ததுக்குக் காரணம் நீ இல்லம்மா. அன்னிக்கு அவசரத்துல சேணத்தோட வார சரியா இறுக்காம ஏறிட்டேன். அறுபது வருஷமா குதிர ஏறறவன்... சின்னப் பசங்க செய்யற தப்பு. சேணம் சுத்திக்கிச்சு, நான் கீழ. இத நான் யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டயும் சொல்லல."

அடுப்புப் பக்கத்தில் ஒரு கரண்டி தட்டென்று வைக்கப்பட்டது.

"பையன் உன் எழுத்து மேல பழி போட்டான். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு, விட்டுட்டேன். நீ பேரு போட்டு ஊருக்கே சொல்லிட்ட. நான் ஏழு மாசமா வாயத் தொறக்கல."

"கால்டர்கிட்ட நான் இத..."

"நீ சொல்லாத. நான் சொல்லணும். எப்பன்னு கேக்காத."

ஜோலீன் வந்து, ரமோனாவின் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

"இவர் சொல்லலன்னா நான் சொல்றேன்" என்றாள்.

*

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து பனி. பதினொன்றேகால் மணிக்குப் பதிவாகியிருந்த பெயரைப் பார்க்காமலே ரமோனா கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

கால்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தோளில் பனி.

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். ஆனால் வேலை வேலைதான். கண் அளக்கும் கருவிக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. தாடைய இதுல வைங்க. நெத்திய ஒட்டி... அசையக் கூடாது."

வைத்தான்.

"உள்ள என்ன தெரியுது?"

"ஒரு ரோடு. நேராப் போகுது. கடைசியில கலர் கலரா ஒரு பலூன்."

"அந்தப் பலூனையே பாருங்க. மங்கலாகும், அப்புறம் தெளியும்."

"நல்ல ரோடு. ஒரு குழி இல்ல... எந்த கவுண்டி?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருந்த திரையில் அவன் கண் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது. கண்பாப்பாவைச் சுற்றி, இதுவரை அவள் கவனிக்காத மெல்லிய பொன்பழுப்பு வளையம் ஒன்று... ஆயிரம் கண்களை இந்தத் திரையில் பார்த்தவளுக்கு, பொத்தான் எங்கே இருக்கிறது என்று மறந்துபோனது.

"அப்பா சொல்லிட்டார்" என்றான்.

"பேசாதீங்க. அளவு தப்பாயிடும்."

"ஆகட்டும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிடறப்ப சொன்னார். அம்மா அவர் கால மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க." தாடையை எடுக்காமலே பேசினான். "ஆனா நான் அதுக்காக வரல ரமோனா. உங்க மன்னிப்பு வந்த வாரமே படிச்சேன். கிரேடர்ல உக்காந்து, மூணு தடவ. அன்னிக்கே கெளம்பி வந்திருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுட்டு வர்றது? பாதி வழியில எறக்கி விட்டவன் நான்."

"எறக்கி விட்டது தப்பில்ல."

"ஒரு வார்த்த பேசாம எறக்கி விட்டது தப்பு."

கருவி சின்னதாக ஒலி எழுப்பி, ஒரு துண்டுத் தாளைத் துப்பியது. ரமோனா அதை எடுத்துப் பார்த்தாள். எழுத்துகள் நீரில் மிதந்தன. தன் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. கண்ணாடியே தேவையில்ல உங்களுக்கு."

"தெரியும். போன மாசம்தான் எங்க ஊர்ல பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு நூத்தி நாப்பது மைல்... இந்தப் பனியில... அந்த வளைவு ரோட்டுல?"

அவன் தலையைத் தூக்கினான். நெற்றியில் கருவியின் பட்டை சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது.

"வளைவு வர்றப்பல்லாம் கண்ண மூடாம ஓட்டினேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "உன்ன காதலிக்கிறேன் ரமோனா. போன்ல சொல்ல மனசு வரல."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த ஆள் காத்திருக்கிறாராம். ரமோனா திரும்பவில்லை.

"அன்னிக்கு சேத்துல உக்காந்திருந்தப்ப நான் யாருன்னு சொல்லல. ஏன் தெரியுமா?" என்றாள். "நீ திட்டுவியோன்னு பயந்து இல்ல. சொன்னா நீ கார விட்டு எறங்கி மழையில நடந்து போயிடுவ... போகக் கூடாதுன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம்கூட ஆகல உன்னப் பாத்து. அப்பவே... நானும்தான் கால்டர். அப்பலேந்து."

கதவு மறுபடி தட்டப்பட்டது.

"இன்னும் முடியல!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.